அடுப்பு எரிகிறது என்று எழுதியவர்கள்

மலைக்கும் கடலுக்கும் நடுவே, வரைபடம் போடுகிறவர்கள் வேலையைப் பாதியில் விட்டு டீ குடிக்க எழுந்துபோன இடத்தில், வளிநாடு என்றொரு நாடு இருந்தது. அதை மன்னர் கோலாகலர் ஆண்டுவந்தார். அவரை மக்கள்தான் தேர்ந்தெடுத்தார்கள். தேர்ந்தெடுத்த மறுநாளே அதை மறந்துவிட வேண்டும் என்பது அங்கே மரபு. மக்கள் மறந்தார்களோ இல்லையோ, மன்னர் தவறாமல் மறந்துவிடுவார்.

தலைநகரின் நடுச்சந்தியில் இரண்டு கல்தூண்களுக்கு இடையே ஒரு தடித்த கயிறு கட்டியிருந்தது. ஊர்க்கயிறு என்பார்கள். ஆட்டைத் தொலைத்தவர், வீட்டை வாடகைக்கு விடுகிறவர், மருமகனைப் பற்றி நாலு பேருக்குச் சொல்ல நினைக்கிறவர், எல்லாரும் பனையோலை நறுக்கில் எழுதி நூல் கோத்து அதில் தொங்கவிடுவார்கள். படித்தவருக்குப் பதில் சொல்லத் தோன்றினால் தன் ஓலையை அந்த ஓலையின் அடியிலேயே கட்டுவார். பதிலுக்குப் பதில் அதற்கும் அடியில். நல்ல சண்டை என்றால் சரம் தரையைத் தொடும். நின்றபடி படிக்க ஆரம்பித்தவர் உட்கார்ந்து படித்து முடிப்பார்.

வளிநாட்டில் காற்று அதிகம். அது சரங்களை அடிக்கடி பின்னிப்போடும். உப்பு விலையைத் திட்டி எழுதிய ஓலை ஒரு கல்யாண அழைப்பின் அடியில் போய் மாட்டிக்கொண்டு, இரண்டு குடும்பங்கள் முகம் பார்க்காமல் போனதும் உண்டு. அதனால் அந்த மக்களுக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. யாருக்குப் பதில் எழுதினாலும், ‘இன்னார் இன்னது சொல்கிறார், அதற்கு நான் சொல்வது’ என்று எதிராளியின் பேச்சை முழுதாக எழுதிவிட்டுத்தான் தன் பேச்சைத் தொடங்குவார்கள். வாய்ப்பேச்சிலும் இதே வழக்கம்தான். கணவன் மனைவி சண்டைகூட வளிநாட்டில் இரண்டு மடங்கு நேரம் பிடிக்கும்.

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது, பெயரிலிகள் வரும்வரை.

பெயரிலி என்றால் ஓலையின் அடியில் பெயர் போடாதவர். வெட்கப்பட்டுப் பெயர் போடாதவர்களும் உண்டு, அவர்களால் தொந்தரவில்லை. ஆனால் சிலர் பெயர் போடாத தைரியத்தில் எழுதிய எழுத்தைப் படித்தால் கையைக் கழுவ வேண்டியிருக்கும். அவர்களிடம் முதலில் அகப்பட்டவள் செண்பகவடிவு. ஊரின் தாழ்ந்த கோடியில், அரசியேரி என்ற பெரிய ஏரியின் கரைக்குக் கீழே இருந்த பள்ளத்தெருவில், வீட்டோடு சேர்த்துப் பணியாரக் கடை வைத்திருந்தாள். கணவன் கப்பல் வேலைக்குப் போயிருந்தான். அவள் கடைக்கு யார் வருகிறார்கள், எத்தனை நேரம் உட்காருகிறார்கள் என்று பெயரிலிகள் ஊர்க்கயிற்றில் எழுத ஆரம்பித்தார்கள். எழுதியதை இங்கே சொல்ல எனக்கு நாக்கு கூசுகிறது.

அவள் அழுதுகொண்டு வீட்டில் கிடக்கவில்லை. தெருப் பெண்களைக் கூட்டிக்கொண்டு அரண்மனைக்குப் போனாள். அமைச்சர் தாண்டவராயர் முன் நின்றாள்.

“எம்மவ இப்பத்தான் எழுத்துக்கூட்டி வாசிக்கப் படிச்சிருக்கா சாமி. சந்திக்குப் போனா கண்ணுல படுறத எல்லாம் வாசிக்கா. அவ அம்மையப் பத்தி எழுதுனத அவ வாசிச்சிரக் கூடாது. அத மட்டும் எப்படியாவது நிப்பாட்டுங்க.”

அமைச்சர் நெகிழ்ந்துபோனார். அவருக்கு நெகிழ்வது சுலபம். “அம்மணி, இன்று முதல் ஊர்க்கயிறு அரசின் பாதுகாப்பில் இருக்கும்” என்றார். அப்படிப் பிறந்ததுதான் மட்டுறுத்தல் துறை, எந்த ஓலை தொங்கலாம், எதை வெட்ட வேண்டும் என்று பார்க்கிற துறை. அதற்கு அதிகாரியாக ஆபத்சகாயம் என்ற தையல்காரர் நியமிக்கப்பட்டார். ஊரில் நல்ல கத்தரிக்கோல் அவரிடம்தான் இருந்தது என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் இல்லை.

உண்மையைச் சொல்ல வேண்டும். தொடக்கத்தில் அவர் நல்ல அதிகாரிதான். தினமும் உச்சிப்பொழுதில் மணி அடித்ததும் வருவார், கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு சரம் சரமாகப் படிப்பார், ஆபாச ஓலையின் நூலை நறுக்கென்று வெட்டிக் கூடையில் போடுவார். முதல் வெட்டு செண்பகவடிவுக்காக. அன்றைக்கு அவள் ஒரு தட்டு நிறையப் பணியாரம் கொண்டுவந்து கொடுத்தாள். சந்தியில் நின்றவர்கள் கைதட்டினார்கள். கத்தரிக்கோல் ஓசை கேட்டு மக்கள் கைதட்டியது வளிநாட்டில் அந்த ஒருமுறைதான்.

துறை என்று ஒன்று பிறந்துவிட்டால் அதற்குப் பசி எடுக்கும். ஆபாசம் தீர்ந்ததும் அமைச்சர் யோசித்தார். மன்னரின் ஏழடுக்கு வாசல் எதற்கு என்று ஒருவர் கேட்டிருந்தார். “இதுவும் ஒருவகை ஆபாசமே. உடலைப் பற்றியதல்ல, ஆட்சியைப் பற்றியது” என்று அமைச்சர் விளக்கம் தந்தார். வெட்டப்பட்டது.

பிறகு சொற்களுக்குத் தடை வந்தது. ‘பழுது’ என்ற சொல் நாட்டின் மனநிலையைக் கெடுக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். ‘வண்டி பழுது பார்க்கப்படும்’ என்ற தச்சரின் ஓலை வெட்டப்பட்டது. அந்த மாதம் முழுக்க ஊரில் பாதி வண்டிகள் அச்சு முறிந்து கிடந்தன, தச்சரோ வேலையில்லாமல் கிடந்தார். செட்டித்தெருக் கிணற்றில் நாய் விழுந்து செத்துக் கிடக்கிறது என்று ஒருவர் எழுதினார். கிணற்றைத் திறந்துவைத்தவர் மன்னர் என்பதால் அதுவும் போயிற்று. தெருவே வாந்தியும் பேதியுமாகப் படுத்தது. ‘செட்டித்தெரு மக்கள் ஓய்வு எடுத்து வருகிறார்கள்’ என்று அரச ஓலை அறிவித்தது.

இத்தனையும் வெட்டிய பிறகு கயிறு மொட்டையாகத் தெரிந்தது. மன்னருக்கு மொட்டைக் கயிறு பிடிக்கவில்லை. ஆகவே வாழ்த்துப்படை அமைக்கப்பட்டது. நல்ல கையெழுத்துள்ள நாற்பது பேர். கீறிய எழுத்து எடுப்பாகத் தெரிய மற்றவர்கள் அதன் மேல் மஞ்சள் தடவுவார்கள், இவர்களுக்குப் பொன்பொடி. தலைவர் பெயர் சொக்கப்பன். கேலிக்குரிய ஆள் என்று நினைக்க வேண்டாம், ரொம்பச் சுத்தமான வேலைக்காரர். ‘ஒரு புகாரும் பதில் பெறாமல் உச்சிப்பொழுதைக் காணக் கூடாது’ என்பது அவர் போட்ட உத்தரவு. காலையில் யார் குறை எழுதித் தொங்கவிட்டாலும், மணி அடிப்பதற்குள் நாற்பது பேரும் ஆளுக்கொரு மறுப்பு எழுதி அதன் அடியில் கட்டிவிடுவார்கள்.

அவர்களுக்காக அமைச்சர் ஒரு சட்டம் செய்தார். ‘வாழ்த்துப்படையினர் எழுதுவது அனைத்தும் வாழ்த்தே. வாழ்த்தை வெட்டுதல் ராஜதுரோகம். வாழ்த்து தரையில் விழுதலும் ராஜதுரோகம். ஓர் ஓலை வெட்டப்பட்டால், அதன் அடியில் தொங்கும் வாழ்த்துகளை அதற்கு மேலே இருந்த ஓலையில் சேர்த்துக் கட்டுக.’ இந்தச் சட்டத்தை யாரும், மன்னரேகூட, திருத்த முடியாது என்று கடைசி வரியில் சேர்த்தார். எழுதி முடித்துவிட்டு அதைத் தானே இரண்டு முறை படித்து ரசித்தார் என்று சொல்கிறார்கள்.

மழைக்காலம் நெருங்கியது. வழக்கம்போல அரச ஓலை கயிற்றின் நடுவில் தொங்கியது. ‘அரசியேரியின் கரை மிக உறுதியாக இருக்கிறது. மக்கள் நிம்மதியாகத் தூங்கலாம். இப்படிக்கு, மன்னர் கோலாகலர்.’ முந்திய வருடம்தான் கரைக்கு மேல்பூச்சுப் பூசி, மூன்றாம் மதகின் மேல் மன்னரின் பெயரைக் கல்லில் வெட்டி வைத்திருந்தார்கள்.

அந்த வாரம் செண்பகவடிவின் அடுப்பு பற்றவில்லை. விறகு ஈரமோ என்று பார்த்தாள், விறகு காய்ந்துதான் இருந்தது. ஈரம் தரையில் இருந்தது. கொல்லைப்புறம் போய்ப் பார்த்தாள். மூன்றாம் மதகுக்குப் பக்கத்தில் கரையின் அடியிலிருந்து விரல் கனத்துக்குத் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. முதல் நாள் தெளிவாக வந்தது, மறுநாள் மண்ணோடு கலங்கி வந்தது. மேலே அத்தனை பெரிய ஏரி, கீழே அவள் மகள் பாய் விரித்துத் தூங்குகிற வீடு.

எழுதினாள். ‘கரை உறுதி என்று மன்னர் சொல்கிறார். அதற்கு நான் சொல்வது: மூன்றாம் மதகுப் பக்கம் கரை கசிகிறது. மண்ணோடு தண்ணீர் வருகிறது. என் அடுப்பு பற்றவில்லை. மழைக்கு முன்னால் வந்து பாருங்கள். செண்பகவடிவு, பள்ளத்தெரு.’ கடையை ஒதுக்கிவிட்டு, மணி அடிக்கிற நேரத்தில்தான் அதை அரச ஓலையின் அடியில் கட்ட முடிந்தது. உச்சிப்பொழுதில் அது வெட்டப்பட்டது. மறுநாளும் அதே நேரத்துக்குக் கட்டினாள், மறுநாளும் வெட்டப்பட்டது.

அவள் நேரே ஆபத்சகாயத்திடம் போனாள்.

“அண்ணாச்சி, நான் அசிங்கமா எதும் எழுதிட்டனா?”

“இல்லை.”

“யாரையும் ஏசிருக்கனா?”

“ஏசவில்லை.”

“பேரு போடாம எழுதுனனா?”

“பெயர் தெளிவாக இருந்தது.”

“பொறவு என்னத்துக்கு வெட்டுனிய?”

அவர் கண்ணாடியைத் துடைத்தார். “கரையில் மன்னரின் பெயர் இருக்கிறது. கரை கசிகிறது என்றால் பெயர் கசிவதாக ஆகிவிடும் என்பது துறையின் கருத்து.”

“கர ஒடஞ்சிட்டுன்னா?”

“உடைந்த பிறகு அதைப் பற்றி எழுதுவதற்குத் தனி விதி வெளியிடப்படும்.”

“நான்தான அண்ணாச்சி அன்னைக்கு அரமணையில போயி நின்னேன்? இந்தக் கத்திரிய வாங்கிக் குடுத்ததே நான்தான?” அவள் கத்தரிக்கோலைக் காட்டினாள். “ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போங்க. பாத்துட்டு வெட்டுங்க. நான் ஒண்ணுஞ் சொல்லல.”

அவர் போனார். அடுக்களையில் கால் வைத்ததும் கணுக்கால் வரை சேற்றில் இறங்கியது. செண்பகவடிவின் மகள் ஆட்டுரல் மேல் கால்களை மடக்கி உட்கார்ந்து, பழைய ஓலை ஒன்றை எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டிருந்தாள். ஆபத்சகாயம் கொல்லைக்குப் போய்க் குனிந்து, வருகிற தண்ணீரை உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தார். கையில் மண் நின்றது. துறையில் சேர்ந்ததிலிருந்து பேசிவந்த செந்தமிழ் அவரிடமிருந்து கழன்று விழுந்தது.

“எத்தன நாளா தாயி இப்படி?”

“எழுதுன அன்னைலேருந்து.”

“நான் என்ன செய்வேன்? என் கையில இருக்கது கத்திரி. ஒட்டவைக்கிற சாமான் எங்கிட்ட இல்லயே.”

“அப்பம் நான் எழுதிக்கிட்டே இருப்பேன். நீங்க வெட்டிக்கிட்டே இருங்க” என்றாள் அவள்.

மறுநாள் காலையிலேயே போய்க் கட்டினாள். சொக்கப்பனின் ஆட்கள் நாற்பது பேரும் வழக்கம்போல வரிந்துகட்டிக்கொண்டு மறுப்பு எழுதினார்கள். மணி அடித்தது, ஆபத்சகாயம் அவளுடைய ஓலையை வெட்டினார், சட்டப்படி நாற்பது வாழ்த்துகளையும் அவிழ்த்து அரச ஓலையின் அடியில் கட்டினார். அன்று அதற்கு மேல் அந்தப் பக்கம் போகவே கூடாது என்று செண்பகவடிவு முடிவு செய்திருந்தாள். ஆனால் மாலையில் மாவு வாங்கப் போக வேண்டியிருந்தது, கடை சந்தியைத் தாண்டித்தான் இருந்தது. வழியில் மேட்டுத்தெருவிலிருந்து வந்த முன்பின் தெரியாத ஒரு பெண் அவளை நிறுத்தினாள்.

“ஏக்கா, நீங்கதான செண்பகவடிவு? ஒங்க அடுப்பு பத்த மாட்டேங்காமே?”

“ஒங்களுக்கு யாரு சொன்னா?”

“நாப்பது பேரு எழுதிருக்காவளே, நல்லாப் பத்துதுன்னு!”

செண்பகவடிவு ஓடிப்போய்ப் பார்த்தாள். அவளுடைய ஓலை இல்லை. ஆனால் அவள் சொன்னது முழுக்க இருந்தது. ‘மூன்றாம் மதகுப் பக்கம் கரை கசிகிறது, மண்ணோடு தண்ணீர் வருகிறது, என் அடுப்பு பற்றவில்லை, மழைக்கு முன்னால் வந்து பாருங்கள் என்று பள்ளத்தெரு செண்பகவடிவு சொல்கிறார். அதற்கு நான் சொல்வது: பொய். அடுப்பு நன்றாக எரிகிறது. மன்னர் வாழ்க.’ நாற்பது முறை, நல்ல கையெழுத்தில், தூரத்திலிருந்தே படிக்கிற மாதிரி பொன்பொடி தடவி. அவளுடைய கோணல் எழுத்தைப் படிக்கச் சிரமப்பட்டவர்கள்கூட இதைத் தடுமாறாமல் படித்தார்கள். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு முடியுமுன் கண் கலங்கிவிட்டது.

மறுநாளிலிருந்து பள்ளத்தெருவில் கூட்டம். அடுப்பு எரிகிறதா என்று பார்க்கத்தான் வந்ததாகச் சொன்னார்கள். பார்த்தவர்கள் கொல்லைக்கும் போய்ப் பார்த்தார்கள். அதற்கடுத்த நாள் சிலர் மண்வெட்டியும் கூடையுமாக வந்தார்கள். தச்சர் வந்தார், செட்டித்தெருவிலிருந்து நோயில் எழுந்தவர்களும் வந்தார்கள். ஆனால் கரையில் ஏறியதும் காவலர்கள் மறித்தார்கள். கரையில் வேலை நடந்தால் கரையில் குறை இருப்பதாக ஆகிவிடுமாம். மன்னரின் வாய்மொழி இல்லாமல் ஒரு கூடை மண் விழக் கூடாதாம். வந்தவர்கள் திரும்பிப் போகவில்லை. கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்து காத்திருந்தார்கள். வானம் மலைப்பக்கமாக இருட்டிக்கொண்டு வந்தது.

அமைச்சருக்குத் தகவல் போனது. அவர் சொக்கப்பனை அழைத்தார்.

“உமது படை எதிரியின் பேச்சை நாற்பது மடங்காகப் பெருக்கியிருக்கிறது.”

“இன்னார் இன்னது சொல்கிறார் என்று எழுதாமல் பதில் எழுதுவது மரியாதையில்லையே, அமைச்சரே?”

“மரியாதையை விட்டுவிடும். இனி எந்த மறுப்பிலும் புகார் செய்தவரின் பெயர் வரக் கூடாது, புகாரும் வரக் கூடாது. மறுப்பு மட்டும் இருந்தால் போதும். ஏற்கெனவே தொங்குகிறவற்றிலும் புகாரைச் சுரண்டி அழித்துவிடும். சுருக்கமாக, காரமாக.”

சொக்கப்பனுக்கு மனசு ஒப்பவில்லை. இருந்தாலும் உத்தரவு உத்தரவுதானே. மறுநாள் காலை செண்பகவடிவின் ஓலை தொங்கியதும், படையினர் அதன் அடியில் சுருக்கமாகவும் காரமாகவும் எழுதிக் கட்டினார்கள். மணி அடித்தது. ஆபத்சகாயம் அவளுடைய ஓலையை வெட்டினார். பிறகு அதன் அடியில் தொங்கிய வாழ்த்துகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து, சட்டம் சொன்னபடி மேலே இருந்த ஓலையில் கட்டினார். அன்று வழக்கத்தைவிட நிதானமாகக் கட்டினார். முடித்ததும் இரண்டடி பின்னால் போய் நின்று, சட்டையின் விளிம்பு நேராக வந்திருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி தலையைச் சாய்த்துப் பார்த்தார். கத்தரிக்கோலை இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

அன்று மன்னர் ஊர்க்கயிற்றைப் பார்வையிட வருகிற நாள். பிற்பகலில் மேளதாளத்தோடு வந்தார். பொன்னெழுத்தை மட்டும் வாசித்துக் காட்டுவது கட்டியக்காரரின் பணி. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு அரச ஓலையிலிருந்து ஆரம்பித்தார்.

“அரசியேரியின் கரை மிக உறுதியாக இருக்கிறது. மக்கள் நிம்மதியாகத் தூங்கலாம். இப்படிக்கு, மன்னர் கோலாகலர்.”

மன்னர் தலையசைத்தார். கட்டியக்காரர் அதன் அடியில் இருந்ததை அதே குரலில் வாசித்தார்.

“பொய்.”

மேளம் நின்றது. கட்டியக்காரருக்கு வாசிப்பதுதான் தெரியும், நிறுத்துவது தெரியாது.

“பச்சைப் பொய். இதைச் சொன்னவருக்குக் கண் அவிந்துவிட்டதா? இந்தப் புளுகை நம்பாதீர்கள். இப்படி எழுதுகிறவர் நாட்டுக்குப் பகைவர். இவரைக் கழுதைமேல் ஏற்ற வேண்டும்.”

கூட்டத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. சிரிக்காமலிருக்க அவர்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. செட்டித்தெருக்காரர் ஒருவர் துண்டை வாயில் திணித்துக்கொண்டார்.

மன்னரின் முகம் சிவந்தது. “யார் எழுதியது?”

“தங்கள் வாழ்த்துப்படை, மன்னா” என்றார் சொக்கப்பன், தரையைப் பார்த்தபடி.

“வெட்டி எறியுங்கள்!”

ஆபத்சகாயம் முன்னால் வந்து வணங்கினார். “வாழ்த்தை வெட்டுவது ராஜதுரோகம், மன்னா. சட்டத்தைத் தாங்களும் திருத்த முடியாது என்று கடைசி வரி இருக்கிறது.”

மன்னர் அமைச்சரைப் பார்த்தார். அமைச்சர் மேகத்தைப் பார்த்தார்.

“இவை தங்களுக்குச் சொன்ன பதில் அல்ல, மன்னா. நடுவில் வேறொரு ஓலை இருந்தது. அதற்குச் சொன்ன பதில்” என்றார் அமைச்சர் மெல்ல.

“அதில் என்ன எழுதியிருந்தது?”

“அதைச் சொல்வது குற்றம், மன்னா.”

“நான் கேட்கிறேன்!”

“கேட்பதற்குத் தடையில்லை. சொல்வதற்குத்தான்.”

மன்னர் பல்லைக் கடித்தார். “அப்படியானால் அந்த ஓலையை இருந்த இடத்திலேயே மறுபடி தொங்கவிடுங்கள். இல்லையென்றால் இந்த நாடு முழுவதும் நான்தான் பொய்யன் என்று படிக்கும்.”

வெட்டிய ஓலைகள் அன்றன்றைக்கே எரிக்கப்பட்டிருந்தன. எழுதியவளே மறுபடி எழுதினால்தான் உண்டு. ஆகவே, வளிநாட்டின் சரித்திரத்தில் இதற்கு முன் நடக்காத ஒன்று நடந்தது. அமைச்சர் தாண்டவராயர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், மாவுக்கையோடு நின்ற ஒரு பணியாரக்காரியின் முன் கைகூப்பினார்.

“அம்மணி, தாங்கள் ஒரு புகார் செய்திருந்தீர்கள் அல்லவா? அதைத் தயவுகூர்ந்து இன்னொரு முறை செய்ய வேண்டும். அரசின் மானம் தங்கள் புகாரில்தான் இருக்கிறது.”

செண்பகவடிவு அவரைப் பார்த்தாள், மன்னரைப் பார்த்தாள், பிறகு கறுத்துக்கிடந்த வானத்தைப் பார்த்தாள். இந்த ஒரு நிமிடம் தவறிப்போனால் இன்னொன்று வராது என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது.

“எழுதுதேன் சாமி. எழுத மாட்டேன்னு சொல்லல. ஆனா இங்கன வச்சு எழுதுனா உச்சிக்கு வெட்டிருவிய. கரையில வச்சு எழுதித் தாரேன். மன்னரும் வரட்டும்.”

அப்படித்தான் ஊர்வலம் திரும்பியது. மேளக்காரர், குடை பிடிக்கிறவர், நாற்பது வாழ்த்துப்படையினர், மக்கள், எல்லாரும் பள்ளத்தெரு வழியாக நடந்தார்கள். மூன்றாம் மதகை நெருங்கியதும் மன்னரின் சரிகைச் செருப்பு சேற்றில் புதைந்து உள்ளேயே தங்கிவிட்டது. செண்பகவடிவு எழுத்தாணியை எடுத்து, மன்னரின் பெயர் வெட்டிய கல்லின் மேல் ஓலையை வைத்து எழுதி நீட்டினாள். பொன்பொடி இல்லாத எழுத்தை வாசித்து மன்னருக்குப் பல காலம் ஆகியிருந்தது. கண்ணுக்கு அருகே கொண்டுபோய், அவள் மகளைப் போலவே எழுத்துக்கூட்டி வாசித்தார். வாசித்துவிட்டுக் கீழே பார்த்தார். தண்ணீர் இப்போது கை கனத்துக்கு வந்துகொண்டிருந்தது.

அவர் கெட்டவர் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. அவருக்கு யாரும் எதையும் காட்டியிருக்கவில்லை, அவரும் கேட்டிருக்கவில்லை, அவ்வளவுதான்.

“ஏன் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள்?” என்றார், கவிழ்த்த கூடைகளின் மேல் காத்திருந்தவர்களைக் காட்டி.

“தங்கள் வாய்மொழிக்காக, மன்னா” என்றார் ஆபத்சகாயம்.

“போடச் சொல்லுங்கள்! மண்ணைப் போடச் சொல்லுங்கள்!”

அதற்குப் பிறகு யாரும் யாருக்கும் உத்தரவு போடவில்லை. களிமண் வந்தது, வைக்கோல் வந்தது, மூட்டை மூட்டையாக மணல் வந்தது, தச்சர் மரக்குற்றிகளை இறக்கி அடித்தார். கூடை கைமாறிக் கைமாறிப் போனது. முதல் தூறல் விழுந்தபோது சொக்கப்பன் பட்டு அங்கவஸ்திரத்தைத் தலையில் சும்மாடாகச் சுற்றிக்கொண்டு மண் சுமந்தார். அவருடைய ஆட்களின் விரல்களில் ஒட்டியிருந்த பொன்பொடி சேற்றோடு சேற்றாகக் கரைக்குள் போயிற்று. அந்தக் கரையில் அரசு உருப்படியாகச் செலவழித்த பொன் அதுதான்.

பிறகு மழை கொட்டித் தீர்த்தது. ஏரி தளும்பியது. மூன்றாம் மதகில் ஒரு சொட்டுக் கலங்கல் இல்லை. பள்ளத்தெருவில் குழந்தைகள் தூங்கினார்கள், பெரியவர்கள் மாற்றி மாற்றிப் போய்க் கரையைப் பார்த்துவிட்டு வந்தார்கள். மழை விட்ட காலையில் செண்பகவடிவு அடுப்பைப் பற்றவைத்தாள். பற்றியது. அவள் அதன் முன்னால் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள்.

மட்டுறுத்தல் துறை கலைக்கப்படவில்லை. துறைகள் கலைவதில்லை. பெயரிலிகளும் திருந்திவிடவில்லை, கத்தரிக்கோலுக்கு இன்னும் வேலை இருக்கிறது. ஒன்றுமட்டும் மாறியது. வெட்டுகிறவர், வெட்டிய இடத்தில் தன் பெயரில் ஓர் ஓலை கட்ட வேண்டும், ஏன் வெட்டினேன் என்று எழுதி. இது சட்டமல்ல. ஆபத்சகாயம் தானாக ஆரம்பித்தார், ஊர் பிடித்துக்கொண்டது. காரணத்தைத் தன் பெயரில் எழுத வேண்டும் என்றதும் வெட்டுகள் பாதியாகக் குறைந்துபோயின.

அடுத்த அரச ஓலை தொங்கியது. ‘மன்னர் தம் தொலைநோக்கால் கசிவை முன்னரே அறிந்து கரையைக் காத்தருளினார்.’ அதன் அடியில் முதல் பதில் சொக்கப்பனுடையது. வெறும் மஞ்சள் தடவியிருந்தது. ‘மன்னர் கரையைக் காத்தார் என்று அரச ஓலை சொல்கிறது. அதற்கு நான் சொல்வது: நானும் மண் சுமந்தேன். தோள்பட்டை இன்னும் வலிக்கிறது.’ அதன் பக்கத்தில் இன்னொன்று. ‘மன்னர் கரையைக் காத்தார் என்று அரச ஓலை சொல்கிறது. அதற்கு நான் சொல்வது: சரி, இருக்கட்டும். அடுப்பு எரிகிறது. இரண்டாம் மதகையும் ஒருமுறை பாருங்கள். செண்பகவடிவு, பள்ளத்தெரு.’

உச்சிப்பொழுது மணி அடித்தது. ஆபத்சகாயம் வந்து, கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு அந்த ஓலையைப் படித்தார். கத்தரிக்கோலைத் திறந்தார். நீட்டிக்கொண்டிருந்த நூல் நுனியை மட்டும் நறுக்கிவிட்டு, காற்றில் போய்விடாமலிருக்க இன்னொரு முடிச்சுப் போட்டார்.

அப்படியொரு நாடே கிடையாது, இதெல்லாம் கட்டுக்கதை என்று நீங்கள் சொல்கிறீர்கள். அதற்கு நான் சொல்வது: இருக்கலாம். உங்கள் ஊர் மூன்றாம் மதகை ஒரு எட்டு போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள். கீழே இடம் விட்டிருக்கிறேன்.